கன்ட்ரி பாரில் பாக்ரியும் வெங்காயமும்

மும்பையில் நல்ல மத்தியானச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால் நான் ஒரு இடம் சொல்லுவேன். ஆனால் கேட்டவர்கள் வரமாட்டார்கள். மாட்டுங்காவில் இலை போட்டுச் சாம்பார் ஊற்றுகிற கடைகளை நான் குறை சொல்லவில்லை. வயிற்றுக்கு அதுவும் நல்லதுதான். ஆனால் எழுந்து நடக்கும்போது 'இன்று சாப்பிட்டோம்' என்று உடம்பே சொல்ல வேண்டுமென்றால், தாராவியில் தோல் பட்டறைகள் முடிகிற சந்தில் பச்சைக் கதவு வைத்த ஒரு கன்ட்ரி பாருக்குப் போகவேண்டும். ஆமாம், சாராயக் கடைதான். வாசலுக்கு மேலே மராத்தியில் 'தேசி தாரு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். முகத்தைச் சுளிக்க வேண்டாம். அந்தப் போர்டைக் கண்டால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நடந்தவள்தான் நானும்.

அங்கே மத்தியானத்துக்கு ஒரே சாப்பாடு. வெள்ளைச் சோள மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கையாலேயே தட்டி, கல்லில் சுட்டு எடுக்கும் பாக்ரி. கூட ஜுண்கா என்று ஒன்று. கடலை மாவை வெங்காயம், கடுகு, மிளகாய் தாளித்து உதிர் உதிராகக் கிளறியிருப்பார்கள். பச்சை மிளகாயும் பூண்டும் உப்பும் வைத்து நசுக்கிய டேச்சா ஒரு ஓரம். ஒரு முழு வெங்காயம். ஒரு டம்ளர் மோர். மராட்டிய கிராமத்துக்காரர்கள் ஏர் உழப் போகும்போது துணியில் முடிந்து கொண்டுபோகிற சாப்பாடு அது என்று, அதைச் சமைக்கிற மௌஷி சொன்னாள். மௌஷி என்றால் சித்தி முறை. அறுபது வயசுக்காரி, மராட்டியப் பெண். பாரின் பின்கட்டில் அவளுக்கு ஒரு அடுப்பு. இந்தச் சந்தில் ஏர் உழுகிறவன் எவன்? கைவண்டி இழுக்கிறவன், மூட்டை தூக்குகிறவன், தோல் சுமக்கிறவன். அவர்களுக்காகத்தான் அந்த அடுப்பு எரிகிறது.

நான் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே போன முதல் நாள் சாப்பிடப் போகவில்லை. என் வீட்டுக்காரரோடு வாழ்வதா வேண்டாமா என்று பார்க்கப் போனேன்.

அவருக்கு மோட்டார் வைண்டிங் வேலை. எரிந்துபோன ஃபேன், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் பிரித்துச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். கை சுத்தமான வேலைக்காரர். வாய்தான் சுத்தமில்லாமல் இருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் மத்தியானத்தில் ஆரம்பித்து சாயங்காலம் வரை குடிப்பார். சண்டை போட மாட்டார், அடிக்க மாட்டார். வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அதற்கு அடியே மேல் என்று எனக்கு இருக்கும். கடைசியில் ஒரு நாள், எங்கள் சபை பாஸ்டரையும் அவருடைய அண்ணனையும் வீட்டுக்கு வரவழைத்து, அவர்கள் முன்னால் நான் சொன்னேன்: இனி ஒரு சொட்டு உள்ளே போனது தெரிந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாணேயில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். திரும்பி வரமாட்டேன். யாரும் வந்து சமாதானம் பேசவும் கூடாது.

நான் சொன்னால் செய்கிறவள் என்று அவருக்குத் தெரியும். நிறுத்தினார். கை நடுங்கியது, தூக்கம் போனது, எடை குறைந்தது. ஆனாலும் நிறுத்தினார். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. நான் மாட்டுங்காவில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். காலையில் எனக்கும் அவருக்கும் டப்பா கட்டுவேன். மகள் காலேஜ் கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்வாள். வீடு வீடாக இருந்தது.

அப்போதுதான் எங்கள் சபையில் ஒரு மைனி, அடுத்த சந்துக்காரி (ஒருத்தியை ஒருத்தி மைனி என்றுதான் கூப்பிடுவோம்), சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"மைனி, சொல்லப்புடாதுன்னுதான் இருந்தேன். மனசு கேக்கல. ஒங்க வீட்டு அண்ணன் கன்ட்ரி பாருக்குள்ள இருக்காவ. மத்தியானம். நேத்தும் பாத்தேன், இன்னைக்கும் பாத்தேன். தலை தொங்கிப் போய், முன்னால கிளாசு. அவியளுக்குக் கண்ணத் தொறக்கவே முடியல."

"நீ நல்லாப் பாத்தியா?"

"கதவு பாதி தொறந்து கெடந்துச்சு. பக்கத்துல கைவண்டிக்காரனுவ. நான் பொய் சொல்லுவேனா மைனி?"

பொய் சொல்லுகிறவள் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நாளாக அவருடைய டப்பா கழுவித் துடைத்து வந்துகொண்டிருந்தது. அந்த மனுஷன் பிறந்த நாளிலிருந்து ஒரு ஸ்பூனைக்கூடக் கழுவியதில்லை. டப்பா ஏன் பளபளவென்று வருகிறது என்று நான் கேட்கவும் இல்லை. திருந்திவிட்டார் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான் டப்பா கழுவுகிறது என்று இப்போது பட்டது.

அன்று ராத்திரி நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகள் மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். "மம்மி, ஏக் பார் பூச் தோ லோ. பப்பாகிட்ட கேட்டுரு" என்றாள். நான் கேட்க மாட்டேன் என்றேன். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. கேட்டால் அவர் ஏதாவது சொல்லுவார், நான் நம்பித் தொலைப்பேன். கண்ணால் பார்த்தால் முடிந்தது கதை.

மறுநாள் காலையில் அக்காவுக்குப் போன் செய்து, சாயங்காலம் நானும் பிள்ளையும் வந்தாலும் வருவோம் என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. "பின்னால ரூம்பு சும்மாதான கெடக்கு" என்றாள். துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தேன். எடுத்து வைத்துவிட்டு அவருக்கு டப்பாவும் கட்டினேன். சோறும் சாளை மீன் குழம்பும். கோபம் கோபம்தான், ஆனால் முந்தின நாள் வாங்கிய மீனை என்ன செய்ய?

மத்தியானம் கிளினிக்கைப் பூட்டினதும் நடக்க ஆரம்பித்தேன். லேபர் கேம்ப் வழியாகப் போனால் அந்தச் சந்து தூரமில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. போகிற வழியெல்லாம் அவரிடம் என்ன சொல்லவேண்டும் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் நன்றாகவே அமைந்தது. பேச்சில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

அந்த மாதிரிக் கடைக்குள் ஒரு பெண் போனால், ஒன்று பாத்திரம் கழுவப் போவாள், இல்லை புருஷனை இழுக்கப் போவாள். நான் எந்த ரகம் என்று என் நடையே சொல்லியிருக்க வேண்டும். கவுன்டரில் இருந்தவன் எழுந்து, "பாபி, அந்தர் மத் ஜாவ்" என்று உள்ளே விடாமல் கையை நீட்டினான். நான் அவனைப் பார்த்த பார்வையில் கை தானாகக் கீழே போனது.

உள்ளே இருட்டு. வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. சாராய வாடை, வியர்வை, ஈரச் சாக்கு. பிறகு நீளமான மர பெஞ்சுகள் தெரிந்தன. கடைசி பெஞ்சில், பின்கட்டுக் கதவை ஒட்டி, அவர். பக்கத்திலும் எதிரிலும் கைவண்டிக்காரர்கள். அவர்கள் கையில் கிளாஸ். அவருக்கு முன்னால் ஒரு தட்டு, ஒரு ஸ்டீல் டம்ளர். என்னை அவர் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

அப்போது அவர் தலையைக் குனிந்து கண்ணை மூடினார்.

எதிரே இருந்தவன் வாய் வரை கொண்டுபோன கிளாஸைக் கீழே வைத்தான். அவன் பக்கத்தில் இருந்தவன் பாட்டிலைச் சாய்த்தவன், சாய்த்த மட்டில் நிமிர்த்திக்கொண்டான். இன்னொருவன் போனில் கத்திக்கொண்டிருந்தவன், போனைத் தொடையில் கவிழ்த்து வைத்தான். அந்த பெஞ்சு முழுக்க அப்படியே அடங்கியது.

"பரம பிதாவே, இந்த வேளை ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதை ஆசீர்வதியும். சமைச்ச கைகளை ஆசீர்வதியும். கூட இருக்கிறவங்களையும் ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தினாலே, ஆமென்."

"ஆமென்" என்றான் எதிரே இருந்தவன். "ஆமீன்" என்றார் ஓரத்தில் குல்லா போட்டிருந்த பெரியவர். கிளாஸ்கள் மேலே போயின. போன்காரன் விட்ட இடத்திலிருந்து கத்த ஆரம்பித்தான்.

நான் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் தட்டில் கை வைக்கிற வழக்கம் கிடையாது. ஆனால் அவர் குடித்த காலத்தில் மட்டும் ஜெபம் பண்ண மாட்டார். சாராயம் பட்ட வாயால் ஆண்டவர் பேரைச் சொல்லக்கூடாது என்று அவராகவே வைத்துக்கொண்ட சட்டம். எவ்வளவு போதையிலும் அதை மீறியதில்லை. பிள்ளை ஜெபம் பண்ணும்போது எழுந்து வெளியே போய் நிற்பார். அந்த மனுஷன் சாராயக் கடையில் உட்கார்ந்து வாய்விட்டு ஜெபிக்கிறார். அந்தக் கைவண்டிக்காரர்கள் ஒரு நாளில் கற்றுக்கொண்ட அடக்கமும் இல்லை அது. பல நாள் பழக்கம். இதைப் பார்த்துத்தான் மைனி தலை தொங்கிவிட்டது என்று வந்து சொன்னாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவளுக்கு ஜெபம் பண்ணுகிறவனையும் மப்பில் கிடக்கிறவனையும் பிரித்துத் தெரியவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கதவுக்குள் ஜெபம் இருக்கும் என்று நான் மட்டும் நினைத்தேனா?

அழுகை வந்தது. எனக்கு லேசில் வராது. வந்தது.

ஆனாலும் நான் நான்தானே. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே போய், அவருடைய டம்ளரை எடுத்து மோந்து பார்த்தேன். மோர். ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். உப்பும் சீரகமும் போட்ட நல்ல மோர். பெஞ்சு சிரித்தது.

அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "ஏளா, நீ எப்படி இங்க?" என்றார்.

"நீங்க எப்படி இங்க? அத மொதல்ல சொல்லுங்க."

"உக்காரு, சொல்லுதேன்." குல்லாக்காரப் பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "பட்டறையிலேருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு பார் இருக்கு. மத்தியானம் பசி வந்தா அந்த ஆசையும் கூடவே வரும். எத்தன நாளைக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு நடக்க? ஒரு நாள் எரிச்சல்ல உள்ளயே வந்து உக்காந்துட்டேன். டப்பாவத் தொறந்தேன். வயிறு நெறஞ்சதும் ஆசை போயிருச்சு. அதான் தெனமும் வாரேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அதற்கு மேல் என்ன கேட்க? அப்போதுதான் தட்டைப் பார்த்தேன். பாக்ரி, கடலை மாவு, வெங்காயம். என் டப்பா எங்கே என்று கேட்க வாயெடுக்கும்போது பின்கட்டிலிருந்து மௌஷி வந்தாள். கையில் என் டப்பா. விரலில் என் சாளைக் குழம்பு. விரலை நக்கிக்கொண்டே வந்தாள்.

அந்த நொடி எனக்கு வந்த கோபம், அவர் குடித்திருந்தால்கூட வந்திருக்காது. விடியற்காலையில் எழுந்து நான் மீனைக் கழுவி, மசாலா அரைத்துக் கட்டிக் கொடுக்கிறேன். இவர் அதை ஊருக்குத் தானம் பண்ணிவிட்டு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறார்! சொன்னேன். நல்லாவே சொன்னேன். தமிழ் தெரியாதவர்களுக்கும் புரிந்தது.

மௌஷி பயப்படவில்லை. இந்தியில் நிதானமாக விஷயத்தைச் சொன்னாள். கடைக்குள் வெளிச் சாப்பாடு கூடாது என்று முதலாளி சட்டம். முதல் நாள் இவர் டப்பாவைத் திறந்ததும் அவள் பிடுங்கிக்கொண்டாள். பட்டினி போட மனமில்லாமல் தன்னுடைய தட்டை இவர் முன்னால் வைத்தாள். சும்மா டப்பாவை மோந்து பார்த்தாள், விடமுடியவில்லை. அன்றிலிருந்து மாற்றிக்கொள்கிறார்கள். டப்பாவை அவள்தான் கழுவுகிறாள். கடைசியில், "மச்சி ஏக்தம் பெஸ்ட். இம்லி தோடா கம் டாலோ" என்றாள். மீன் பிரமாதமாம், புளியைத்தான் குறைக்கவேண்டுமாம்! என் குழம்புக்கு!

"மொதல்ல உன் சாப்பாட்டக் காட்டு, பொறவு பேசுவோம்" என்று இந்தியில் சொல்லி உட்கார்ந்தேன்.

தட்டு வந்தது. வெங்காயத்தை நடுவில் வைத்து, மௌஷி முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து விட்டாள். நாலாகப் பிளந்து நடுக்குருத்து தனியே துள்ளியது. அதைக் கத்தியால் வெட்டக்கூடாது. வெட்டினால் காரம் கண்ணுக்குப் போகும், குத்தினால் நாக்குக்கு வரும் என்றாள். நான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் பெஞ்சு முழுக்கக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் முறை. சபையில் நான் ஜெபம் பண்ண எழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் வாட்ச் பார்ப்பார்கள். அன்று இரண்டே வரியில் முடித்தேன். தாகத்தோடு இருப்பவர்களைக் காக்க வைப்பது பாவம்.

பாக்ரியைப் பிய்த்தேன். வெளியே கரகரவென்றும் உள்ளே மெதுவென்றும் இருந்தது, ஆவி விரலைச் சுட்டது. ஜுண்காவை அள்ளி, டேச்சாவில் ஒரு தொடு தொட்டு வாயில் போட்டேன். காரம் காதுக்கு ஏறியது. உடனே ஒரு கடி வெங்காயம், அது இனித்தது. அதன் மேல் மோர். அப்புறம் நான் பேசவில்லை. இரண்டாவது பாக்ரி கேட்டேன். சோறு இல்லாமல் எனக்குச் சாப்பிட்டது போலவே இருக்காது என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள், மூன்றாவதும் கேட்டேன். நெற்றி வேர்த்தது, மூக்கு ஒழுகியது. கல்யாண வீட்டில்கூட நான் அப்படிச் சாப்பிட்டதில்லை. அவர் தன் தட்டை மறந்து என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது!

மௌஷிக்கும் சந்தோஷம். சந்தோஷத்தில்தான் அதைச் சொன்னாள். உன் புருஷன் நல்லவன், போன மாதம் ஒரு நாள் மட்டும் ஒரு குவார்ட்டர் கேட்டான், கவுன்டர்காரனைக் கொடுக்க விடாமல் நான் பாக்ரியை வைத்தேன், தின்றுவிட்டுப் போய்விட்டான் என்றாள்.

அவர் கை தட்டில் நின்றது. சிரிப்பு போய்விட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள்.

"அன்னைக்கு ஒரு பெரிய மோட்டார் திரும்பி வந்துருச்சு. ரெண்டு நாள் வேலை வீணு. கேட்டுட்டேன். குடிக்கல. ஆனா கேட்டேன்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிறகு கையை உதறிக்கொண்டு எழப் போனார். "வா, போலாம். நானும் ஒங்கூட வந்துருதேன். இனிமே இந்தப் பக்கமே வரல. போதுமா?"

நான் சொன்ன வார்த்தை ஒரு சொட்டு என்பது. அவர் கேட்டிருக்கிறார். இன்னொரு நாள் மௌஷி அடுப்படியில் இருக்கும்போது கேட்டால்? ஆனால் நான் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனால், நாளை மத்தியானம் பசியும் வரும், ஆசையும் வரும். பாக்ரி வைக்கிறவள் அங்கே இருக்க மாட்டாள், கிளாஸைக் கீழே வைக்கிற இந்த ஆட்களும் இருக்க மாட்டார்கள். அவர் இத்தனை நாள் ஜெயித்தது இந்த பெஞ்சில் உட்கார்ந்துதான். அது எனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அதுதான் உண்மை.

எனக்குக் கிளினிக் திறக்கிற நேரமாகியிருந்தது. எழுந்தேன். அவர் தோளில் கை வைத்து அமுக்கி உட்கார வைத்தேன்.

"இருங்க. பாதி பாக்ரி அப்படியே கெடக்கு. தின்னுட்டு மெதுவா வாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பாக்ரியைப் பிய்த்தார்.

வெயிலில் இறங்கியதும் கால் ஒருமுறை நின்றது. திரும்பிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது. போகவில்லை. நடந்துகொண்டே அக்காவுக்குப் போன் போட்டு, சாயங்காலம் வரவில்லை என்றேன்.

"அப்போ அவிய குடிக்கலயா? இப்ப எங்க இருக்காவ?" என்று கேட்டாள்.

"சாராயக் கடையில" என்றேன். "நாந்தான் உக்கார வச்சிட்டு வாரேன்."